அழுத்தாமல் இருந்த ஐந்து நாட்கள்

தண்ணீரில் விழுந்த ஒரு மின்சாதனத்தைக் கையில் எடுத்ததும் நாம் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திப் பார்ப்போம். பல சாதனங்களின் உயிர் அந்த அழுத்தலில்தான் போகிறது. உயர்தர இரசாயனவியல் வகுப்பில் மின்பகுப்பைப் படித்தபோது இது எனக்கு வெறும் பாடமாகத்தான் இருந்தது. வாப்பாவின் கைப்பட்டி நனைந்த வாரத்தில்தான் அதை வீட்டுக்குள் கண்டேன்.

வாப்பாவுக்கு நீரிழிவு. தினமும் அரை மணித்தியாலம் வேகமாக நடக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். கட்டாரில் வேலை செய்யும் காக்கா, விடுமுறையில் வந்தபோது அடிகளை எண்ணும் ஒரு கைப்பட்டியைக் கொண்டுவந்து வாப்பாவின் மணிக்கட்டில் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாப்பா கடற்கரைப் பக்கம் நடப்பார். இரவில் அன்றைய எண்ணிக்கையைப் படம் பிடித்துக் காக்காவுக்கு அனுப்புவார். "மாஷா அல்லாஹ் வாப்பா" என்று பதில் வரும். அவ்வளவுதான். இருவரும் அதிகம் கதைப்பவர்கள் அல்லர். அந்த ஓர் எண்தான் அவர்களுக்கு இடையிலான பேச்சு.

வுழூச் செய்யும்போது தோலில் தண்ணீர் படவேண்டும் என்பதால் வாப்பா பட்டியைக் கழற்றி வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் நிறைந்திருந்த நேரம், ஹவுழின் விளிம்பில் இருந்த பட்டி யாருடைய கையோ பட்டு உள்ளே விழுந்துவிட்டது. தொழுகை முடிந்த பிறகுதான் எடுக்க முடிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அதன் திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்தது போல ஒரு மங்கல்.

"இது தண்ணிக்குப் பழுதாகாதெண்டுதானே மகன் சொன்னான்?" என்றார் வாப்பா.

பெட்டியில் '5 ஏடிஎம்' என்று இருந்தது உண்மைதான். 50 மீற்றர் ஆழத்தில் அசையாத நீர் கொடுக்கும் அழுத்தத்தைத் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் அது புதிய பட்டிக்குச் சொன்ன கணக்கு. உள்ளே நீர் போகாமல் தடுக்கும் இறப்பர் வளையமும் பசையும் நாளடைவில் தளரும். வெந்நீரும் சவர்க்காரமும் கீழே விழுந்த அதிர்ச்சியும் அவற்றை இன்னும் கெடுக்கும். வாப்பாவின் பட்டியில் கண்ணாடி ஓரமாக மயிரிழை போல ஒரு வெடிப்பும் இருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "அரிசிக்குள்ள போட்டு வைங்க மகள்" என்றார் உம்மா. அடுத்த வீட்டு மாமி வெயிலில் காயவைக்கச் சொன்னார். வாப்பா சார்ஜரைத் தேடத் தொடங்கிவிட்டார். சார்ஜரைத்தான் நான் முதலில் எடுத்து ஒளித்தேன்.

தூய நீர் மின்னை மிகக் குறைவாகவே கடத்தும். கரைந்துள்ள உப்புகள்தான் அதைக் கடத்தியாக்குகின்றன. கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் எங்கள் ஊரில் கிணற்று நீர் உவர்ப்பு என்பதை நாக்கே சொல்லும். நீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் தேவை என்று படித்திருக்கிறோம். இப்படியான பட்டிகளில் இருக்கும் இலிதியம் மின்கலம் ஏறக்குறைய 3.7 வோல்ட் தரும். ஆகவே உப்புநீர் புகுந்த சுற்றில் மின் பாய்ந்தால், அந்தச் சின்னப் பட்டியே ஒரு மின்பகுப்புக் கலமாகிவிடும். அனோட்டான இடத்தில் செப்பு ஒட்சியேறிக் கரையும். தலைமயிரை விட மெல்லிய இணைப்புகள் அறுந்துபோக அதிக நேரம் செல்லாது.

ஆகவே திரையைத் துடைத்து, பட்டியை முழுதாக அணைத்தேன். மின்கலத்தைக் கழற்ற வழியில்லை. என்றாலும் அணைத்தால் மின் பாயும் பாதைகள் குறையும். வெளியே ஒட்டியிருந்த உவர்நீரை ஆறவைத்த வடிகட்டிய நீரில் நனைத்த துணியால் துடைத்தேன். சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளைப் பஞ்சால் உலர்த்தினேன். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தல்களிலும் வரும் சிலிக்கா ஜெல் பொதிகளை உம்மா எறியாமல் வைத்திருந்தார். அவற்றை இறுக்கமான மூடியுள்ள ஒரு டப்பாவில் நிரப்பி, நடுவில் பட்டியை வைத்து மூடினேன். சிலிக்கா ஜெல்லின் நுண்துளைகள் காற்றின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். அரிசி அந்த அளவுக்கு ஈரம் இழுப்பதில்லை. அதன் தூளும் துளைகளுக்குள் போய்விடும். ஈரமான ஐபோனை அரிசிக்குள் வைக்கவேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் சொல்லியிருந்தது. வெயிலும் கூடாது. சூடு பசையை இளக்கும், இலிதியம் மின்கலத்துக்கும் ஆபத்து.

பிறகு செய்ய ஒன்றுமில்லை. சும்மா இருப்பதுதான் அதில் மிகக் கடினமான வேலை. சனிக்கிழமை மட்டும் வாப்பா மூன்று தடவை டப்பாவைத் திறக்கக் கேட்டார்.

அன்று வெள்ளி இரவு எண் போகவில்லை. பதினொரு மணிக்குக் காக்கா அழைத்தார். "வாப்பாக்கு என்ன?" என்ற குரலில் நடுக்கம் இருந்தது. எண் வராவிட்டால் வாப்பாவுக்குச் சுகமில்லை என்று அவர் நினைத்திருக்கிறார். "ஒண்டுமில்ல மகன், அது தண்ணில விழுந்துட்டு" என்று வாப்பா தயங்கிச் சொன்னார். பிறகு இருபது நிமிடம் இருவரும் கதைத்தார்கள். அவர்கள் அவ்வளவு நேரம் கதைத்து நான் கேட்டதில்லை.

பட்டி இல்லாமல் நடப்பதில் வாப்பாவுக்கு மனமில்லை. "எண்ணாத நடை எதுக்கு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை சுபஹுக்குப் பிறகு நானும் கூடப் போனேன். மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணினேன். 104. முப்பது நிமிடத்துக்கு 3120. அதைக் கொப்பியில் எழுதிப் படம் பிடித்துக் காக்காவுக்கு அனுப்பினோம். உடனே அழைப்பு வந்தது. அப்படியே அடுத்த நாட்களும் போயின.

காக்கா பட்டியில் பத்தாயிரம் அடி என்று இலக்கு வைத்திருந்தார். வாப்பா ஒருநாளும் அதைத் தொட்டதில்லை, அது அவருக்கு ஒரு மனக்குறை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர் 'மன்போ கெய்', அதாவது பத்தாயிரம் அடி மானி. விற்பனைக்கு வைத்த பெயர்தான் பின்னாளில் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு. டாக்டர் சொன்ன அரை மணித்தியாலமும் அந்தக் கணக்கில் அடங்கும். இதைச் சொன்னதும் வாப்பா சிரித்தார். "அப்ப நான் பாஸ்தானே?"

புதன்கிழமை கண்ணாடியின் மங்கல் முழுதாகப் போயிருந்தது. மின்கலம் வீங்கியிருந்தாலோ, சூடாகியிருந்தாலோ, ஏதும் மணம் வந்திருந்தாலோ சார்ஜ் செய்யவே கூடாது. அப்படி ஒன்றும் இல்லை. பகலில், பீங்கான் தட்டில் வைத்து, பக்கத்திலேயே இருந்து சார்ஜ் ஏற்றினேன். திரை எரிந்தது. அடி எண்ணியது. நாடித் துடிப்பைப் பார்க்கும் பச்சை ஒளியும் வந்தது. அதிர்வு மட்டும் போய்விட்டது, இனி அது யாரையும் எழுப்பாது. வாப்பா எழும்புவது பாங்குச் சத்தத்தில் என்பதால் அதில் நட்டமில்லை.

இப்போது வுழூவுக்குப் போகுமுன் பட்டி சட்டைப் பைக்குள் போய்விடுகிறது. காக்கா வைத்த இலக்கையும் மாற்றிவிட்டோம். போனிலுள்ள வரைபில் அந்த ஐந்து நாட்களுக்கான இடம் வெறுமையாக இருக்கிறது. கொப்பியில் உள்ள எண்களை அதில் சேர்த்துவிடவா என்று காக்காவிடம் கேட்டேன்.

"வேணாம், அப்படியே கிடக்கட்டும்" என்றார். "அந்த அஞ்சு நாளும்தான் வாப்பா என்னோட கூடக் கதைச்சாரு."