உள்ளே எல்லா வசதியும் உண்டு

காஜாங் பெண்கள் சிறையைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு காலத்தில் நான்தான் முந்திக்கொண்டு விளக்குவேன். தையல் சொல்லித் தருகிறார்கள், ரொட்டி, கேக் சுடக் கற்றுத் தருகிறார்கள், கைப்பிள்ளை இருந்தால் மூன்று வயது வரை தாயே கூட வைத்துக்கொள்ளலாம். எல்லாம் பத்திரிகையில் படித்தது. காஜாங் சிறையின் வாசலைக்கூட நான் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. என் சித்தி மகள் வேலை பார்த்த கடையில் கல்லாப் பணம் குறைந்தது. பழி அவள்மேல் விழுந்தது. லெபோ லைட் கோர்ட்டில் ஜாமீன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். பாங்கில் சேமிப்பு உள்ள ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சித்தி நேராக என்னிடம் வந்தார்.

பணம் இருந்தது. வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்தது; கேஸ் முடியும்வரை அதைத் தொட முடியாது. அது ஒரு காரணம் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். நிஜக் காரணம் வேறு: ஒரு டீச்சர் பேர் கோர்ட்டுப் புத்தகத்தில் ஏறுவதா? “கொஞ்சம் பொறுங்க சித்தி, அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்” என்றேன். என் வீட்டுக்காரரிடம் நான் கேட்கவே இல்லை.

அவளைப் பினாங்குச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 1849-இல் வெள்ளைக்காரன் கட்டிய சிறை. டத்தோ கிராமாட் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். சித்தி அழும்போதெல்லாம் என் பத்திரிகை அறிவை எடுத்துவிட்டேன். பெயாத்ரிஸ் சொபான் என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதையைக்கூடச் சொன்னேன். 1980-இல் பினாங்கு விமான நிலையத்தில் பெட்டியில் ஹெராயினோடு பிடிபட்டவர். 1982-இல் தூக்கு என்றார்கள், பிறகு ஆயுளாகக் குறைத்தார்கள். 1990-இல் விடுதலையாகி ஊருக்குப் போய்ப் புத்தகமே எழுதிவிட்டார். “பாருங்க சித்தி, அவங்களே நல்லபடியா வந்துட்டாங்க!” மகளுக்கு ஒரு கையெழுத்துக் கேட்டு வந்தவரிடம் சொல்கிற ஆறுதலா இது? சித்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பல மாதம் கழித்து, போகாமல் இருக்க முடியாது என்றான பிறகு, பார்க்கப் போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. “தையல் எல்லாம் சொல்லித் தர்றாங்களாமே, கத்துக்கிட்டியா?” என்று கேட்டேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. பாடம் புரியாத பிள்ளையை நான் வகுப்பில் பார்ப்பேனே, அப்படி.

“அதெல்லாம் தண்டனை ஆனவங்களுக்குக்கா. நாங்க ரிமாண்டு. கேஸ் முடியற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். நான்தான் எடுத்தேன்னு ஒத்துக்கிட்டிருந்தா இந்நேரம் ஒரு பாவாடை தைக்கக் கத்திருப்பேன்.”

பக்கத்தில் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரம் முடிந்தது என்று வார்டர் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை, இரண்டாம் தடவை சொன்னபோதுதான் காதில் விழுந்தது.

அன்றைக்காவது கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்த மாதம் விசாரணை வருகிறதே என்று இருந்துவிட்டேன். அது தள்ளிப்போனது.

கடைசியில் கேஸ் நிற்கவில்லை, விட்டுவிட்டார்கள். மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால்கூட, பெண் என்றால் ஜாமீனில் விடக் கோர்ட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 388-ஆம் பிரிவு. பின்னால் ஒரு லோயர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சட்டம் அவ்வளவு தூரம் இறங்கி வருகிறது. நான் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பெர்ரி ஏறி வரவில்லை.

அவள் உள்ளே போனபோது அவளுடைய பையனுக்கு நான்கு வயது. மூன்று வயதுச் சலுகை அவனுக்கு உதவாது என்பதும் என் விளக்கங்களில் விட்டுப்போன ஒன்று. அவள் திரும்பி வந்தபின் அவன் கொஞ்ச நாள் சித்தியைத்தான் அம்மா என்று கூப்பிட்டான். அது சரியாகிவிட்டது.

சிறையில் செய்த பொருள்கள் இப்போது ‘மை பிரைட்’ என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன; எங்கே கண்டாலும் எதையாவது வாங்கிவிடுகிறேன், தேவை இருக்கிறதோ இல்லையோ. நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம், தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறாள். பையன் காலேஜ் சேர்ந்தபோது கடனுக்கு ஜாமீன் கையெழுத்து வேண்டியிருந்ததாம். பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் போய் வாங்கியிருக்கிறாள். எனக்கு அது அவன் படித்து முடித்த பிறகுதான் தெரியும்.