தாராசுரத்து யாளியும் மையில்லாப் பேனாவும்

உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும், அந்தக் கறுப்புப் பலகை. பிள்ளையோ பெண்ணோ மையில்லாப் பேனாவால் அதன்மேல் கோடு இழுக்க, கோடு பலகையில் விழாமல் எதிரே கம்ப்யூட்டர் திரையில் விழும். எட்டிப் பார்த்தால், சிறகு முளைத்து நெருப்புக் கக்கும் ஏதோ ஒரு மிருகம்! "பரீட்சை நேரத்தில் இதென்னடி பூதம்?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். அடுத்த விடுமுறையில் குழந்தையை அழைத்துக்கொண்டு தாராசுரத்துக்குப் புறப்படுங்கள்.

கும்பகோணத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். ஊருக்குள் நுழைந்தால் பட்டுத் தறிகளின் ஓசை காதில் விழும். அம்மணிகளே, புடவையைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம், முதலில் கோயில்.

இரண்டாம் இராஜராஜ சோழன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் ஆலயம் இது. 2004-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் பிரம்மாண்டம் இங்கே இல்லை. ஆனால் நகைப் பெட்டியைத் திறந்தாற்போல் எங்கே திரும்பினாலும் நுணுக்கம். சக்கரமும் குதிரையுமாகத் தேர்போல் நிற்கும் இராஜகம்பீரன் மண்டபத்தின் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தூணடியில் உட்காருங்கள். அங்கேதான் நம் கதாநாயகர் காத்திருக்கிறார்.

அவர்தான் யாளி! முகம் சிங்கம்; மூக்கிருக்க வேண்டிய இடத்தில் யானையின் துதிக்கை; பிதுங்கும் விழிகள். பின்னங்காலை மடக்கி உட்கார்ந்து, தூண் முழுவதையும் தலையில் தாங்குகிறார்.

"இது நிஜமாகவே இருந்ததா, அம்மா?" என்று குழந்தை கேட்கும். எந்தக் காட்டிலும் இருந்ததில்லை. ஆனால், ஒவ்வோர் அவயவமும் நிஜம். சிற்பி சிங்கத்தின் தோளையும் யானையின் துதிக்கை மடிப்பையும் தனித்தனியே அறிந்தவன். அதனால்தான் பொய் மிருகத்தின் மேல் மெய்யான பாரம் உட்காருகிறது. மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டுச் சிங்கங்கள் இப்படித்தான் தூணைச் சுமந்தன. நாயக்கர் காலத்தில் மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் யாளிகள் முன்னங்கால் தூக்கிப் பாய்ந்தே விட்டன!

இன்னொரு வேடிக்கையும் இக்கோயிலில் உண்டு. யானையும் காளையும் எதிரெதிரே நிற்க, இரண்டுக்கும் ஒரே தலை. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை. மறு பக்கத்தை மறைத்தால் காளை. துதிக்கையே திமிலாக மாறுவதைக் கண்டு குழந்தை கைகொட்டாவிட்டால் என்னைக் கேளுங்கள்.

இப்போது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுங்கள். ஓவியர் சில்பி இப்படித்தான் கோயில் கோயிலாகச் சென்று, சிற்பங்களின் முன்னால் உட்கார்ந்து வரைந்தார். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும். எந்தத் தசை மேடு, எது பள்ளம் என்று நிழலே சொல்லிக் கொடுக்கும்.

வீடு திரும்பியபின் பலகையை எடுக்கட்டும். அதன் அடியில் மெல்லிய கம்பி வலை இருக்கிறது. வலை எழுப்பும் காந்தப் புலத்திலிருந்தே பேனா சக்தி பெறுவதால் பல பேனாக்களுக்கு பாட்டரியே வேண்டாம். இருக்கும் இடத்தையும் அழுத்தத்தையும் அது உடனே சொல்லிவிடும். இப்போது வரும் பல பலகைகள் அழுத்தத்தில் 8192 படிகள் அறியும். மெல்லத் தொட்டால் பிடரி மயிர். அழுத்தினால் நகத்தின் கருமை. அமெரிக்காவில் 1964-லேயே 10 அங்குலச் சதுரத்தில் 'ராண்ட்' பலகை வந்துவிட்டதென்றால் வியப்பாக இல்லையா?

கை ஓரிடம், கண் ஓரிடம் என்பதுதான் ஆரம்பத் தொல்லை. ஆர்மோனியக் கட்டையைப் பார்த்துக்கொண்டா வாசிக்கிறோம்? சில வாரங்களில் பழகிவிடும். முதலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் உடம்பைப் பெரிய உருண்டைகளாகப் போட வேண்டும். அதன்மேல் கண்ணாடித் தாள் விரித்தாற்போல் இன்னோர் அடுக்கில் கோடு, மற்றோர் அடுக்கில் சாம்பல் நிறத்தில் ஒளியும் நிழலும், வர்ணம் கடைசியில்தான். வர்ணத்தில் தொடங்கினால் யாளி காற்றடைத்த பொம்மையாகிவிடும்.

"இரண்டு வார்த்தை சொன்னால் இயந்திரமே படம் போட்டுத் தருகிறதே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். படம் மட்டுமே வேண்டுமானால் இயந்திரம் போதும். ஆனால் பார்க்கத் தெரிந்த கண்ணை அது தராது. தவறான கோட்டைப் பலகையில் ஒரு தட்டில் அழிக்கலாம். கல்லில் தெறித்த சில்லு திரும்ப ஒட்டாது. ஆகவே சிற்பி உளி வைக்குமுன் நூறு முறை பார்த்தான். அந்தப் பார்வைதான் உங்கள் பெண்ணுக்கு நீங்கள் வாங்கித் தரும் சீதனம். சினிமாவுக்கோ விளையாட்டுக்கோ புத்தகத்துக்கோ அவள் நாளை மிருகம் வரையலாம், வரையாமலும் போகலாம். கண் அவளோடு இருக்கும்.

சரி, புடவை என்னாயிற்று? இப்போது போகலாம். "யாளிக் கரை இருக்கிறதா?" என்று கேளுங்கள். தறிக்கான டிசைன்களையும் இன்று கம்ப்யூட்டரில் வரைகிறார்கள். கரை நெடுக வரிசையாக ஓடும் அந்த மிருகத்தைக் கடைக்காரர் விரித்துக் காட்டும்போது, துதிக்கை சரியாக வளைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கப்போவது நீங்கள் அல்ல, உங்கள் பெண்தான்!