எட்ட நின்ற காது

ஓய்வுபெற்று வந்து இத்தனை காலம் ஆகியும் எங்கள் தெருவில் எனக்கு ‘வெடி வச்ச சார்’ என்றுதான் பெயர். பூமிக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடுகிற வேலையில் என் காலம் போயிற்று. அதில் வெடிப்பது கண் மூடித் திறக்கிற நேரம்தான்; மிச்சமெல்லாம் கேட்பது. ஆனால் ஊருக்கு வெடிச் சத்தம்தானே தெரியும்? நாங்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டதை யார் கண்டார்கள்!

கேட்பது என்றால் இதுதான். தரையில் குறுகலாக ஒரு துளை போட்டு, இருபது முப்பது மீட்டர் ஆழத்தில் கொஞ்சம் வெடிமருந்தை இறக்கி, மேலே மண்ணைக் கெட்டித்து வெடிப்பார்கள். அதிர்வு கீழே இறங்கும். களி முடிந்து மணற்கல் தொடங்கும் இடம், மணற்கல் முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்கும் இடம் என்று பாறை மாறுகிற எல்லைகளில் எல்லாம் அதில் ஒரு பங்கு மோதித் திரும்பி வரும். தரையில் வரிசையாகக் குத்தி வைத்த ஜியோபோன்கள் அதைப் பிடித்து, கேபிள் வழியாக ரெக்கார்டிங் வேனுக்கு அனுப்பும். போய்வந்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்குப் போட வேண்டும். நொடிக்கு 3,000 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், 2 நொடி கழித்து வந்த எதிரொலி 3 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வந்திருக்கிறது. 1921-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்ச்சர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் முதன்முதலில் செய்து பார்த்தது இதைத்தான்.

நான் தொழில் பழகியது காவிரிப் படுகையில். சம்பா அறுத்து வயல் காய்ந்ததிலிருந்து, மேட்டூர் திறந்து தண்ணீர் வந்து சேருகிற வரைக்கும்தான் எங்களுக்குக் காலம். மேலே பார்த்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே சமதளம். கீழே அப்படி இல்லை. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் பிளந்தபோது சரிந்த பள்ளங்களும், இடையிடையே சரியாமல் நின்ற மேடுகளும், கிலோமீட்டர் கணக்கான படிவுகளுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. அந்தப் பாறை அடுக்குகளுக்கு நம் ஊர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி. காலையில் பஸ் போர்டில் பார்த்த நன்னிலத்தை மத்தியானம் பாறைப் பட்டியலில் பார்த்து நான் சிரித்துக்கொண்ட நாள் உண்டு.

எங்களுக்குப் பெரிய எதிரி இரைச்சல். ஆழத்திலிருந்து வருகிற எதிரொலி அவ்வளவு மெலிசு. மாட்டு வண்டி போனால் பதிவில் தெரியும். காற்றடித்துப் பனை ஆடினால் தெரியும். திருவாரூர் பக்கம் ஒரு வயலில் பருத்திக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சட்டையை உள்ளே விட்டு, கையில் அட்டையோடு போய், “பெரியவரே, மோட்டாரை நிறுத்துங்க, கவர்ன்மென்ட் வேலை” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். எங்களோடு லைனில் வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு ஜியோபோனையும் குதிகாலால் மிதித்து, “ஊணலன்னா கேக்காது சார்” என்று எனக்கே பாடம் எடுப்பவர். அவர் போய்ப் பெரியவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பீடி பற்றவைத்தார். பருத்தியில் காய்ப்புழு உண்டா என்று விசாரித்தார். கடைசியாக, “கரண்டு எப்பய்யா போவும்?” என்றார்.

“பதினொண்ணுக்குப் போயிடும்.”

“அப்ப நாங்க பதினொண்ணுக்கு மேல வெச்சிக்கிறோம்.”

பதினொன்றுக்குக் கரண்டு போயிற்று. மோட்டார் நின்றது. கூடவே மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் எங்கள் பதிவிலிருந்து போயிற்று. அன்றைக்குக் கிடைத்தது போன்ற சுத்தமான பதிவு அந்த சீசனில் வேறு கிடைக்கவில்லை. என் அட்டையால் ஆகாத காரியம் ஒரு பீடியால் ஆயிற்று.

எல்லா இரைச்சலையும் இப்படி நிறுத்த முடியுமா? முடியாது. அதற்கு 1950-களில் ஹாரி மேய்ன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற ஒரு வழி இருக்கிறது. பூமிக்குள் இருக்கும் ஒரே புள்ளியைப் பல தூரங்களில் நின்று கேட்பது. வெடியும் ஜியோபோனும் முதலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிறகு இரண்டையும் எதிரெதிரே தள்ளித் தள்ளி வைத்துக் கேட்க வேண்டும். நீண்ட பாதையால் வந்த தாமதத்தைக் கழித்துவிட்டு எல்லாவற்றையும் கூட்டினால், பொதுவான எதிரொலி வலுக்கும், இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தேயும். 24 பதிவுகளைக் கூட்டினால் எதிரொலி இரைச்சலைவிட ஏறத்தாழ 5 மடங்கு துலங்கும். இதை ஸ்டாக் என்போம். நாலு பேர் ஒத்துச் சொல்வதுதான் உண்மை என்பதில் எனக்கு அப்போது அப்படியொரு நம்பிக்கை.

1970-களில் மெக்சிகோ வளைகுடாவில் ஸ்டாக் செய்த படங்களில் சில இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. பிரைட் ஸ்பாட் என்றார்கள். காரணம் எளிது. தண்ணீர் ததும்ப மூடிய பாட்டிலை அழுத்தினால் அமுங்காது; கொஞ்சம் காற்று இருந்தால் அமுங்கும். மணற்கல்லின் துளைகளில் வாயு புகுந்தாலும் அதேதான்: பாறை இளகி, அலையின் வேகம் குறைந்து, எதிரொலி பலமாகிறது. பளிச்சென்ற இடத்தைத் தோண்டினால் வாயு என்று எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் தோண்டிய சில கிணறுகளில் ஒன்றும் இல்லை. நிலக்கரி அடுக்கும் பளிச்சென்று தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

1984-ல் ஆஸ்ட்ராண்டர் என்பவர், கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு வாயுவைக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது சின்ன விஷயம்: கூட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகப் பாருங்கள். பாறையை அமுக்கிச் செல்லும் அலைக்கு வாயு இருப்பது தெரியும். குலுக்கிச் செல்லும் அலைக்குத் தெரியாது. அலை சாய்வாக மோதும்போது இந்த வித்தியாசம் வெளிப்படுகிறது. அதனால் வாயு உள்ள மணற்கல்லின் எதிரொலி, பல இடங்களில், எட்டப் போகப் போக வலுக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கிட்ட நின்றதும் எட்ட நின்றதும் ஒன்றுபோலச் சொல்ல வேண்டும் என்று கூட்டிக் கூட்டிச் சராசரியாக்கியதில், எட்ட நின்ற காது தனியாகச் சொன்ன சேதியை அல்லவா தொழிலே கரைத்துவிட்டிருந்தது!

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. துளைகளில் நூற்றுக்கு ஐந்து பங்கு வாயு இருந்தாலே பாறை ஏறக்குறைய முழுக்க நிரம்பியதுபோல இளகிவிடும். எதிரொலி ‘இருக்கிறது’ என்று சொல்லும். ‘எவ்வளவு’ என்று உறுதியாகச் சொல்லாது. அதற்குத் துளை போட்டுத்தான் ஆக வேண்டும்.

வயலோரம் நின்று, “தண்ணி கெட்டுப்போவாதா தம்பி?” என்று கேட்டவர்களும் எங்களைப் பொறுத்தவரை எட்ட நின்றவர்கள்தான். அப்போது அது எங்கள் பதிவில் ஏறவில்லை. 2020-ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிதாக எண்ணெய், எரிவாயு தேடவும் எடுக்கவும் தடை போட்டுச் சட்டம் வந்தது. அந்தக் கேள்வி எத்தனை வயல்களிலிருந்து எழுந்திருக்கும் என்று அன்றைக்கு யோசித்தேன்.

இப்போது உறவில் பாகப்பிரிவினை என்றால் என்னையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். போன வருஷம் ஒரு வீட்டில் அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே குரலில், “அக்கா தனக்கு எதுவும் வேண்டாம்னுட்டா மாமா” என்றார்கள். பழைய ஆளாக இருந்தால் கூட்டிப் போட்டு முடித்திருப்பேன். அக்காவுக்குப் போன் போடச் சொன்னேன். வடக்கே எங்கோ இருக்கிறாள். “வேண்டாம்னு நான் சொல்லல மாமா. நான் எதுவும் கேக்கலன்னுதான் சொன்னேன்” என்றாள். கூடத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஒத்துப்போகிற குரல்களைக் கூட்டுவது நல்லதுதான். பாதி இரைச்சல் அதிலேயே கழிந்துவிடும். ஆனால் கூட்டுவதற்கு முன்னால், எட்ட இருப்பவர் என்ன சொல்கிறார் என்று தனியாக ஒரு முறை கேட்டுவிட வேண்டும். அவர் சொல்வதே முடிவு என்று நான் சொல்லவில்லை. அந்த அக்காவுக்கு என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதும் அந்தப் போனில் தெரிந்துவிடவில்லை. ஊருக்கு வரவழைத்து, எதிரே உட்கார்ந்து பேசித்தான் தீர்த்தோம்.