அருவிக்குப் பின்னால் கிடந்த கிற்றார்

ரஷ் இசைக்குழுவின் '2112' எனக்கு மிகவும் பிடித்த இசைத்தட்டுகளில் ஒன்று. அதன் கதையில் பேசுகிற, நடமாடுகிற பெண் ஒருத்தியும் இல்லை. இந்த இரண்டு வசனங்களும் எனக்கு உண்மை.

1976இல் ரொறன்ரோவின் மூன்று இளைஞர்கள் வெளியிட்ட தட்டு அது. முந்திய தட்டு விற்கவில்லை. வானொலிக்கு ஏற்ற சின்னப் பாட்டுகளாகச் செய்யச் சொல்லி நிறுவனம் நெருக்கியது. அவர்களோ முதற்பக்கம் முழுவதையும், 20 நிமிடங்களுக்கு மேல், ஒரே ஒரு அறிவியல் புனைகதைக்குக் கொடுத்தார்கள். வரிகளை எழுதியவர் டிரம்ஸ் வாசித்த நீல் பியர்ட்.

கதை நடப்பது 2112இல். பெரும் போருக்குப் பிறகு கோள்கள் ஒரே ஆட்சியின் கீழ் வந்துவிட்டன. சிரிங்ஸ் கோயில்களின் பூசாரிகள் இராட்சதக் கணினிகளை வைத்துக்கொண்டு மக்கள் எதைப் படிக்கலாம், எதைக் கேட்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். பெயரில்லாத ஓர் இளைஞன் அருவிக்குப் பின்னாலுள்ள குகையில் பழைய கிற்றார் ஒன்றைக் கண்டெடுக்கிறான். அலெக்ஸ் லைஃப்சன் அந்த இடத்தில் சுருதி சேராத தந்திகளில் தொடங்கி, மெல்ல மெல்லச் சுருதி கூட்டி, ஒரு மெட்டுக்கு வந்துசேர்வார். இளைஞன் அதை ஆசையோடு பூசாரிகளிடம் கொண்டுபோகிறான். ஒன்றுக்கும் உதவாத பொருள் என்று காலால் மிதித்து நொறுக்குகிறார்கள். அவன் உயிரை விடுகிறான்.

பதினாறு வயதில், ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டில், அண்ணாவின் இசைத்தட்டாக இதைக் கேட்டேன். மிதிக்கிற இடம் வந்தபோது பூசாரிகளை எனக்கு அடையாளம் தெரிந்தது. அண்ணாவின் கிற்றாரை நான் தொட்டதைக் கண்டு, "பொம்பிளைப் பிள்ளைக்கு உது ஏன்? படிக்கிற அலுவலைப் பாக்கச் சொல்லு" என்று பெரியப்பா அம்மாவிடம் சொல்லி ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. அந்த இளைஞன் நான்தான் என்று முடிவுசெய்தேன்.

அவனுக்குப் பின்னால் இருந்த பெண்களைப் பிறகுதான் கண்டேன்.

முதலாவது, கோயிலின் பெயர். சிரிங்ஸ் கிரேக்கப் புராணத்தில் வரும் ஒரு வனதேவதை. பான் என்ற தெய்வம் துரத்த, அவள் ஓடி ஆற்றங்கரையில் நாணற்புதராக மாறிவிடுகிறாள். பான் அந்த நாணல்களை வெட்டிக் குழலாக்கி ஊதுகிறான். வேண்டாம் என்று ஓடிய பெண்ணின் உடல் இசைக்கருவியாகிறது. இசையைத் தடைசெய்கிற கோயிலுக்கு அவளுடைய பெயர். அவளுக்கு நடந்ததைப் பற்றித் தட்டில் ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாவது, கதையின் மூலம். தட்டின் உறையில் பியர்ட் நன்றி சொல்வது அயன் ராண்டுக்கு. அவருடைய 'ஆன்தம்' 1938இல் வந்த குறுநாவல். அதில் 'நான்' என்ற சொல்லே அழிக்கப்பட்ட ஒரு சமூகம். நாயகன் அந்தச் சொல்லைப் பழைய புத்தகங்களில் கண்டுபிடிக்கிறான். அவனைத் தேடிக் காட்டுக்குள் தனியே நடந்து வந்த பெண்ணுக்கு அந்தச் சொல் அவன் வழியாகத்தான் கிடைக்கிறது. அவளுக்குப் பெயர் வைப்பவனும் அவனே. புதிய தெய்வங்களின் தாயாக இருக்கட்டும் என்று கையா என்கிறான். எழுதியவர் ஒரு பெண். அவர் படைத்த விடுதலையிலும் பெண்ணுக்குக் கிடைத்த வேலை பிள்ளை பெறுவது. பியர்ட்டின் பாடலில் அந்தப் பெண்ணும் காணாமல் போனாள்.

மூன்றாவது பெண் தட்டுக்கு வெளியே இருக்கிறார். பூசாரிகளின் கிறீச்சிடும் குரலையும் இளைஞனின் மென்குரலையும் பாடியவர் கெடி லீ. அவருடைய அம்மாவும் அப்பாவும் போலந்து யூதர்கள், நாஜி வதைமுகாம்களில் இருந்து தப்பிக் கனடாவுக்கு வந்தவர்கள். கெடிக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா இறந்துபோனார். கடையை அம்மா பொறுப்பெடுத்தார். மகனின் முதல் தட்டு வந்தபோது கடைக் கண்ணாடி முழுக்கச் சுவரொட்டிகளை ஒட்டினார், காசில்லாத பிள்ளைகளுக்குத் தட்டைச் சும்மா கொடுத்தார். 'கெடி' என்ற பெயர்கூட, 'கேரி' என்று அவர் தன்னுடைய உச்சரிப்பில் கூப்பிட்டதால் வந்தது.

இதைப் படித்த அன்று என் அம்மாவை நினைத்தேன். யுத்தத்துக்குள்ளால் எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு இதே நகரத்துக்கு வந்தவர், தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். பெரியப்பா போன பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சீட்டு எடுத்தார். சனிக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு பழைய கிற்றார் வாங்கித் தந்தார். "கதவைச் சாத்திப்போட்டு அடி. நான் பகலிலை நித்திரை கொள்ள வேணும்" என்றது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

தனி ஒருவன், எதிரே ஒரு அதிகாரம் என்ற கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 'நான்' என்று சொல்ல விடாத வீடுகளில் வளர்ந்த பெண்களுக்கு அந்தச் சொல் கட்டாயம் வேண்டும். ஆனால் ராண்ட் நம்பியதுபோல அது தனியாகக் கிடைப்பதில்லை. குகையில் கிற்றார் தானாக முளைக்காது. யாரோ ஒருவர் அதை அங்கே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும், மழையும் பூசாரிகளும் தொடாத இடமாகப் பார்த்து.

2020இல் பியர்ட் காலமானார். 2026இல் தட்டுக்கு ஐம்பது வயது. அந்த ஆண்டின் சுற்றுப்பயணத்தில் அவருடைய இடத்தில் ஜெர்மனியின் அனிகா நிலெஸ் என்ற பெண் வாசிப்பார் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அந்தப் பிள்ளைக்கு ஆர் உதைப் பழக்கினது?" என்று கேட்டார்.