கூலி கேட்டு நின்ற அலீ



‘ஸ்க்விட் கேம்’ என்னும் கொரியத் தொலைக்காட்சித் தொடரைப் பற்றித் தாங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். கடனில் மூழ்கிய 456 பேர், சிறுபிள்ளைகளின் விளையாட்டுகளை உயிரைப் பணயம் வைத்து ஆடுகின்றனர். வென்றவருக்கு 4,560 கோடி வோன்; தோற்றவருக்கு மரணம். இரத்தம் சிந்தும் இத்தொடரைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்க இயலாது. ஆயினும், அது பிறந்த வரலாறு நாம் அறிய வேண்டியதே.

இதனை எழுதி இயக்கிய ஹ்வாங் டாங்-ஹ்யூக், 2009ஆம் ஆண்டிலேயே கதையை உருவாக்கிவிட்டார். தாயுடனும் பாட்டியுடனும் வாழ்ந்துவந்த அவரைப் பணமுடை வாட்டியது. எழுதிக்கொண்டிருந்த மடிக்கணினியையே விற்க நேர்ந்தது! “நம்பும்படியாக இல்லை” என்று முதலீட்டாளர்கள் கைவிரித்தனர். கதை பத்தாண்டுகள் உறங்கிற்று. 2009இல் சாங்யோங் மோட்டார் ஆலையில் வேலையிழந்த தொழிலாளரின் போராட்டமே கதைநாயகனின் கடந்தகாலத்துக்குக் கருவாயிற்று.

2021 செப்டம்பர் 17ஆம் நாள் நெட்ஃபிளிக்ஸ் அதனை வெளியிட்டது. முதல் நான்கு வாரங்களில் 14 கோடியே 20 இலட்சம் இல்லங்கள் அதனைப் பார்த்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. 2022இல் அமெரிக்காவின் எம்மி விருதுகள் ஆறு கிடைத்தன. இயக்குநரும் நாயகன் லீ ஜங்-ஜேவும் அவற்றைப் பெற்றோரில் அடங்குவர்.

உலகமே வியந்த அத்தொடரில் என்னை உலுக்கியவன் அலீ. பாகிஸ்தானிலிருந்து பிழைக்க வந்தவன். வேடமேற்றவர் இந்தியரான அனுபம் திரிபாதி. மாதக்கணக்கில் முதலாளி கூலி தரவில்லை. பின்னர், அண்ணனாக எண்ணி நம்பியவனே கோலிக்குண்டுகளைக் கவர்ந்துகொண்டு, பைக்குள் கூழாங்கற்களை இட்டு ஏமாற்றுகிறான். அத்துடன் நான் எழுந்துவிட்டேன்.

காரணம் உண்டு. என் மூத்த காக்கா கடல் கடந்து உழைக்கச் சென்று, எட்டு மாதக் கூலியை இழந்து திரும்பியவர். அவரை அனுப்புவதற்காக அடகு வைத்த உம்மாவின் வளையல்கள் மீளவேயில்லை. “கேட்டேன், நாளை என்றார்கள்” என்பதைத் தவிரக் காக்கா வேறெதுவும் சொன்னதில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த முதலாளியை நினைத்தன்று, என்னையே நினைத்து! என் கடையில் வேலை செய்யும் தம்பி இரண்டு முறை சம்பளம் கேட்டிருந்தான். “வியாபாரம் மந்தம், அடுத்த வாரம் பார்ப்போம்” என்று நானும் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டாரை அழவைத்த அதே சொல் என் வாயிலிருந்தும் வந்திருக்கிறது!

மறுநாள் கடை திறந்ததும் நிலுவை முழுவதையும் அவன் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமலேயே சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “வாப்பாவுக்கு மருந்து வாங்கணும் காக்கா, ஒரு மணி நேரம் போய் வரட்டுமா?” என்றான்.

அன்பர்களே, இன்று தங்கள் கணக்கேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். யாருடைய கூலியேனும் அதில் காத்திருக்கிறதா?