நரியைச் சொல்லாத புத்தகம்

பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோசிஸ் வோக்' 1968இல் வெளிவந்தது. புத்தகம் முழுவதிலும் 32 சொற்கள்தான். ரோசி என்ற கோழி பண்ணையைச் சுற்றி ஒரு நடை போய் வீடு திரும்புகிறது. எழுத்தில் உள்ளது அவ்வளவே. படத்தில் மட்டும் அதன் பின்னால் ஒரு நரி வருகிறது. அது பாயும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று அதைத் தடுத்துவிடுகிறது; ஓரிடத்தில் குப்பைவாரியின் பிடி முகத்தில் அறைகிறது, இன்னோரிடத்தில் குளத்துக்குள் விழுகிறது. நரி என்ற சொல் புத்தகத்தில் எங்குமே இல்லை.

லண்டனில் எங்கள் வீட்டில் அதிகம் கிழிந்து, அதிகம் ஒட்டப்பட்ட புத்தகம் இதுதான். அம்மாவின் ஆங்கிலம் கடைக்குப் போய்வரக் காணும். கதைப்புத்தகம் வாசிக்கக் காணாது. ஆனால் இந்தப் புத்தகம் கைக்கு வந்தால் அவர் கோழியைப் பேசத் தொடங்கிவிடுவார். "எடியே, திரும்பிப் பாரடி, பின்னாலை ஆள் நிக்குது!" மடியில் இருக்கும் மகள் அவருடைய வாயைப் பொத்துவாள். "அம்மம்மா, சொல்லாதேங்கோ, அவவுக்குத் தெரியாது!" மாமூட்டை நரியின் தலையில் கொட்டும் பக்கத்தில் இருவரும் வெகுநேரம் நிற்பார்கள். மூட்டையின் கயிறு கோழியின் காலில் சிக்கியிருப்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டவர் அம்மாதான். எத்தனையோ தடவை வாசித்த என் கண்ணில் அது படவில்லை. எழுத்தைப் பார்த்து வாசித்தவள் நான். அவர் படத்தைப் பார்த்தார்.

புலம்பெயர்ந்த வீட்டில் படப்புத்தகம் தெரிவு செய்கிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்: புத்தகம் தன் எழுத்தில் சொல்லாமல் விட்டது எவ்வளவு? விட்ட இடத்துக்குள் வீட்டு மொழி தானாக வந்து உட்கார்ந்துவிடும். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, பாடம் நடத்தவும் வேண்டாம். ஆங்கிலம் தெரியாத அம்மம்மா அங்கே உதவியாள் அல்ல, கதைசொல்லியே அவர்தான்.

இருமொழிப் புத்தகங்களைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஒரு பக்கத்தில் தமிழும் ஆங்கிலமுமாக அச்சிட்டவை லண்டனிலேயே கிடைக்கின்றன. உரைநடைக் கதைகளுக்கு அவை நல்லவை. சந்தத்தில் எழுதிய கதைகளைத்தான் நான் அப்படி வாங்குவதில்லை. ஜூலியா டொனால்ட்சனின் 'த கிரஃபலோ' போன்ற ஒன்றில் வரியின் கடைசிச் சொல்லை முன்கூட்டியே ஊகித்துக் கத்துவதில்தான் பிள்ளைக்குச் சந்தோசம். தமிழ்ப்பாட்டின் காது பெரும்பாலும் வரியின் தலையில் இருக்கிறது. எதுகையும் மோனையும் அங்கேதான் அடிக்கின்றன. ஒன்றின் பொருளை மட்டும் எடுத்து மற்றதில் வைத்தால் பிள்ளை கத்துவதற்கு இடமே இருக்காது. அப்படிப்பட்ட புத்தகங்களை ஆங்கிலத்திலேயே, அதன் துள்ளலோடு வாசித்துவிடுகிறேன். தமிழில் துள்ள வேறு பாட்டுகள் உண்டு.

அந்தப் பாட்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1987இல் மக்லீன், பிரையன்ட், பிராட்லி ஆகிய ஆய்வாளர்கள் மூன்று வயதுப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து ஒன்றைக் காட்டினார்கள்: பாலர் பாட்டுகள் தெரிந்த பிள்ளைகள் சொற்களுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிறகு நன்றாகப் பிரித்தறிகிறார்கள். அவர்கள் பார்த்தது ஆங்கிலப் பிள்ளைகளை. ஆனால் சாய்ந்தாடும் பாட்டுக்கும் கைவீசும் பாட்டுக்கும் ஆடிய எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் ஒலி முதலில் உடம்புக்குள் இறங்குவது தெரியும். இங்குள்ள நூலகங்களில் குழந்தைகளைத் தரையில் வட்டமாக இருத்திக் கைதட்டிப் பாடும் நேரம் கிழமைதோறும் உண்டு. அங்கே எந்தத் தாயும் பாட்டின் நீதி என்ன என்று கேட்பதில்லை. நாங்கள்தான் தமிழ்ப்பாட்டு என்றதும் அறிவுரையைத் தேடுகிறோம். பல் தீட்டு, பொய் சொல்லாதே, பெரியோரை மதி. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் மூன்று வயதில் பாட்டு என்பது குதிப்பதற்கு.

நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை நான் ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்றால், அதில் எல்லாம் செயல். மா வறுபடுகிறது, கொழுக்கட்டை பிடிபடுகிறது, கூழ் காய்கிறது, பிள்ளைகள் ஓடிப்போய்ப் பலாவிலை பொறுக்கி மடித்துக் கரண்டி ஆக்குகிறார்கள். ஆடிப்பிறப்பு வரும் ஜூலை நடுவில் இங்கே பள்ளிக்கூடம் இன்னும் விடுவதில்லை, பலாமரமும் இல்லை. அம்மா பழைய வாழ்த்துமட்டையை மடித்துக் கரண்டி செய்யக் காட்டிக்கொடுத்தார். கூழ் ஒழுகி மகளின் பள்ளிச்சட்டை முழுக்க ஆனது. பாட்டு அதோடு பாடம்.

படப்புத்தகங்களில் வரும் முகங்களைப் பற்றிய கேள்வியையும் தள்ளிவைக்க முடியாது. 2017இல் பிரித்தானியாவில் வெளியான 9,115 சிறுவர் புத்தகங்களில் 391இல் மட்டுமே வெள்ளையரல்லாத சிறுபான்மையினர் பாத்திரமாக வந்தார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னது. எங்கள் நிறத்துப் பிள்ளை படத்தில் வருவது எனக்கு முக்கியம். ஆனால் பண்டிகைக்கு மட்டும் பட்டுப்பாவாடையோடு வந்துபோகும் பிள்ளை போதாது. டிரிஷ் குக் எழுதி ஹெலன் ஒக்சன்பெரி வரைந்த 'சோ மச்' 1994இல் வந்தது. கரீபிய வேர்கொண்ட ஒரு குடும்பத்தில் மாமி, மாமா, பாட்டி என்று ஒவ்வொருவராக வாசல் மணியை அடித்து வந்து குழந்தையைத் தூக்குகிறார்கள், கொஞ்சுகிறார்கள். அந்த நெரிசலில் எங்கள் வீடு இருக்கிறது. மகள் அதில் ஒவ்வொருவருக்கும் எங்கள் சொந்தக்காரரின் பெயரை வைத்துவிட்டாள். சென்னையின் தூலிகா, தாரா பதிப்பகங்களின் புத்தகங்களை ஊருக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லி எடுப்பிக்கிறேன். துணிமணியை விட இவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வாங்குவதற்கு முன் நின்ற இடத்திலேயே இரண்டு பக்கத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். முடிந்தால் வீட்டு மூத்தவரையும் நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள்; அவர் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். அலுமாரியில் தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் எழுத்தில் கேளுங்கள். யாரும் கேட்காத மொழியில் அவர்கள் வாங்கமாட்டார்கள்.