உம்ரா முடிந்து வந்த இரவு



அல்லாஹ்வின் அருளால் கடந்த டிசம்பர் விடுமுறையில் மனைவி, பிள்ளைகள் இருவர், வயதான உம்மா ஆகியோருடன் உம்ராவை நிறைவேற்றும் பாக்கியம் கிட்டியது. அல்ஹம்துலில்லாஹ். மக்காவையும் மதீனாவையும் பற்றி எழுதுவதற்கு எவ்வளவோ உண்டு. ஆயினும் இங்கே நான் எழுத விரும்புவது, லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வெளியே உள்ள ஒரு வாகனத் தரிப்பிடத்தில் நான் கற்றுக்கொண்டதை.

நாங்கள் வசிப்பது லெஸ்டரில். அங்கிருந்து ஹீத்ரோவுக்குக் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஐந்து பேர், பெட்டிகள், உம்மாவின் சக்கர நாற்காலி என்று இருக்கையில் ரயில் சரிவராது. முனையத்தை ஒட்டிய தரிப்பிடத்தில் 14 நாள்கள் காரை விடுவது எங்கள் சக்திக்கு மீறியது. முனைய வாசலில் ஆளை இறக்கிவிடுவதற்கே 2021 நவம்பர் முதல் கட்டணம் அறவிடுகிறார்கள். ஆகவே, பலரையும் போல, சற்றுத் தொலைவிலுள்ள தனியார் தரிப்பிடம் ஒன்றில் முன்பதிவு செய்தேன். காரை அங்கே விட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அவர்களுடைய ஷட்டில் பேருந்து நம்மை முனையத்தில் இறக்கிவிடும். திரும்பி வந்ததும் தொலைபேசியில் அழைத்தால் வந்து ஏற்றிக்கொள்ளும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் உள்ளது. நானும் என் ஒட்டகத்தை நன்றாகவே கட்டினேன். பாதுகாப்பு ஆய்வில் தேறிய தரிப்பிடங்களுக்கு வழங்கப்படும் 'பார்க் மார்க்' சான்று இருக்கிறதா என்று பார்த்தேன். காரை நான்கு புறமும் படம் பிடித்தேன். ஓடிய மைல்களைக் காட்டும் மானியையும் படம் பிடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பேருந்து வந்தது. பயண துஆவை ஓதிக்கொண்டே முனையம் சென்றோம்.

திரும்பி வந்தபோது இரவு பதினொரு மணி. தொலைபேசியில் அழைத்தேன். பதினைந்து நிமிடத்தில் பேருந்து வரும் என்றார்கள். வரவில்லை. மற்ற நிறுவனங்களின் பேருந்துகள் வந்து வந்து சென்றன. மீண்டும் அழைத்தேன், எவரும் எடுக்கவில்லை. கடுங்குளிர். உம்மாவின் தடித்த மேலங்கி பெட்டிக்குள் எங்கோ அடியில் இருந்தது. என் சால்வையை அவரின் தோளில் போர்த்திவிட்டு, ஸம்ஸம் பெட்டிகளின் அருகில் ஐம்பது நிமிடங்கள் நின்றேன்.

ஒருவாறு பேருந்து வந்தது. சாரதி அறுபது வயது மதிக்கத்தக்கவர். அவர் இறங்கியதும் இறங்காததுமாக, ஏனைய பயணிகளின் முன்னிலையில் நான் ஏசத் தொடங்கினேன். மனச்சாட்சி இல்லையா என்று கேட்டேன். இந்த வேலைக்கு நீர் தகுதியற்றவர் என்றும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டு, ஸம்ஸம் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தார்.

பேருந்து புறப்பட்ட பின் என் பத்து வயது மகள் காதருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "வாப்பா, இஹ்ராம்ல இல்லாட்டி ஏசலாமா?"

இஹ்ராம் அணிந்தவர் சண்டை சச்சரவில் ஈடுபடலாகாது என்று அவளுக்குக் கற்பித்தவன் நான்தான். என்னிடம் பதில் இருக்கவில்லை.

தரிப்பிட அலுவலகத்தில் சாவியை வாங்கியபோது காரணம் தெரிந்தது. இரவில் ஓடும் இரண்டு பேருந்துகளுள் ஒன்று மாலையிலேயே பழுதடைந்துவிட்டதாம். அதுமுதல் அந்த ஒருவரே இடைவேளையின்றி ஓடிக்கொண்டிருக்கிறாராம். வெளியே வந்து பார்த்தேன். அவர் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டிருந்தார்.

காரில் கீறல் எதுவும் இல்லை. மானியின் எண்ணும் ஏறக்குறைய படத்தில் இருந்தபடியே இருந்தது. என் அமானிதத்தை அவர்கள் பேணியிருந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிய நான்தான் நாவைக் கட்ட மறந்திருந்தேன்.

உம்மா பின்னிருக்கையில் உறங்கிவிட்டார். இன்னும் இரண்டு மணி நேரப் பயணம். வழியில் இஸ்திஃபார் செய்துகொள்ளலாம் என்று மனம் சமாதானம் சொல்லியது. ஆனால் மத்ரஸாவில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அல்லாஹ்வுக்குரிய கடமையில் நேரும் குறையை அவனிடம் கேட்டு மன்னிப்புப் பெறலாம். அடியானுக்கு இழைத்த அநீதியை அந்த அடியான் மன்னிக்க வேண்டும். அயலவரையோ உறவினரையோ ஏசியிருந்தால் நாளை போய்க் கேட்கலாம். இவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்று விட்டால் இனி இவரை நான் சந்திக்கப்போவது மஹ்ஷரில்தான். தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் வந்து, பிறரை ஏசியதற்காகவும் அநீதி இழைத்ததற்காகவும் தன் நன்மைகளை அவர்களிடம் இழந்து நிற்பவரே வங்குரோத்துக்காரர் என்ற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. என் உம்ராவின் நன்மை அந்தப் பேருந்தில் ஏறிப் போய்க்கொண்டிருப்பதாகவே உணர்ந்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவர் வரட்டும், இருப்போம்" என்றார்.

அரை மணி நேரத்தில் பேருந்து திரும்பியது. எல்லோர் முன்னிலையிலும் ஏசியவன் தனிமையில் மன்னிப்புக் கேட்பது முறையல்ல என்பதால், பயணிகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவரிடம் சென்று கேட்டேன். சற்றுத் திகைத்தார். பிறகு, "போகும்போது எல்லோரும் சந்தோஷமாகப் போவார்கள், திரும்பும்போது களைத்திருப்பார்கள், நான் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை" என்று கூறிக் கையைப் பற்றினார். மகள் மதீனாவின் பேரீச்சம்பழப் பொதி ஒன்றை அவரிடம் கொடுத்தாள்.

அன்பிற்குரிய சகோதர சகோதரிகளே! இத்தகைய தரிப்பிடத்தைப் பயன்படுத்துவோர் இரவில் எத்தனை பேருந்துகள் ஓடும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முதியோரின் குளிரங்கியைக் கைப்பையிலேயே வையுங்கள். இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. பயணத்தில் நாம் சந்திக்கும் சாரதி, சுமை தூக்குபவர், சோதனை அதிகாரி ஆகியோரைப் பெரும்பாலும் ஒரு முறைதான் சந்திக்கிறோம். மன்னிப்புக் கேட்கும் அவகாசம் அவர்களின் பேருந்து புறப்படும்வரைதான்.

நம் வணக்கங்களை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, அவற்றின் நன்மைகளை நம் நாவின் தீங்கிலிருந்து பாதுகாப்பானாக! ஆமீன்.